ஏழு வேலைநாளில் நான்கு போய்விட்டது: தோழியின் மேல்முறையீட்டுக்கு ஒரு வகுப்புப் பிரதிநிதி என்ன செய்ய முடியும்?

மூன்றாம் வரிசை (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பொங்கலுக்கு மண்பானை எங்கே கிடைக்கும் என்று அப்பாவுக்காகத் தேடி வந்தவள் நான். இப்போது வேறு கேள்வியோடு நிற்கிறேன். அப்பா சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறார். கும்பகோணத்திலிருந்து நாங்கள் வந்தபோது எனக்கு மூன்று வயது. படிப்பது வேறு மாகாணத்தில், எட்டு மணி நேரப் பஸ் பயணத்தில். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

இரண்டாம் ஆண்டு வேதியியலில் நான் வகுப்புப் பிரதிநிதி. வெற்றி பெற்றேன் என்று சொல்ல முடியாது. "யார் இருக்கிறீர்கள்?" என்று விரிவுரையாளர் கேட்டபோது எல்லோரும் குனிந்து பையில் எதையோ தேடினார்கள். நான் தேடவில்லை, அவ்வளவுதான். ஆண்டு முழுவதும் நான் செய்த வேலை, புரொஜெக்டர் ஓடவில்லை, குறிப்புகள் வரவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பியது.

இப்போது விஷயம். என் பக்கத்து இருக்கைத் தோழிக்குப் போன புதன்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவள் வீடு நியூகாஸ்டில் பக்கம், மலையடிவாரம். டேட்டா தீர்ந்திருந்ததால் இன்றுதான் பார்த்தாள். ஐந்து வரிக் கடிதம். "உங்கள் கல்விப் பதிவின் அடிப்படையில் இவ்வாண்டு பதிவு செய்துகொள்ள அனுமதி இல்லை. ஏழு வேலைநாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்." ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியோடு கெடு முடிகிறது.

ஏன் என்று எங்களுக்கே தெரியும். கரிம வேதியியல் ஆய்வக வகுப்புகள் 10. அதில் 8 வர வேண்டும், இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. டி.பி. மறுப்பு என்று சொல்வோம். அவள் பெயரில் 7 பதிவாகியிருந்தது. அந்தப் பாடம் போயிற்று, அதனால் மொத்த மதிப்பலகு (கிரெடிட்) குறைந்தது, அதனால் விலக்கல். ஆகஸ்டில் அவளுடைய உதவித்தொகையிலிருந்து வாடகை போய்ச் சேரவில்லை என்று விடுதி உரிமையாளர் அறையைப் பூட்டிவிட்டார். ஐந்து வாரம் அத்தை வீட்டிலிருந்து இரண்டு டாக்ஸி (இங்கே பலர் சேர்ந்து போகும் வேன்) மாறி வந்தாள். ஆய்வகம் தொடங்குவது காலை 7.45க்கு. மீதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்.ஆர்.சி. என்ற மாணவர் பிரதிநிதி மன்றத்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த அண்ணன் மிகவும் மரியாதையாகப் பேசினார். "இந்த வாரம் கட்டண பாக்கிக்காக மாணவர்களை விலக்குவதற்கு எதிராக வாயிலில் ஊர்வலம், உன் தோழியையும் அழைத்து வா" என்றார். அவள் நியூகாஸ்டிலில் இருக்கிறாள் என்றேன். "அப்படியென்றால் நீ வா" என்றார். எனக்கு ஊர்வலம் வேண்டாம். விதிக் கையேட்டில் மேல்முறையீடு பற்றிய 47ஆம் பக்கத்தை எனக்கு விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

மூன்று கேள்விகள். காரணம் சொல்லாமல் இப்படி ஒரு கடிதம் அனுப்பலாமா? மேல்முறையீட்டுக் குழு அவளைக் கூப்பிட்டால் நான் பக்கத்தில் உட்காரலாமா? ஒவ்வொரு ஜனவரியிலும் இதே அழுகை நடக்கிறது, கடிதம் வரும்வரை யாருக்கும் விதி தெரிவதில்லை. இதை மாற்ற என்னைப் போன்ற ஒருத்தி ஏதாவது செய்ய முடியுமா?

பீனிக்ஸ் அக்கா (செவ்வாய், இரவு 10.25)

தங்கச்சி, யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது கடிதத்தின் தேதியைத்தான். நீ கேட்காமலே சொல்லிவிட்டாய், பாதி வேலை முடிந்தது. நான் வழக்கறிஞர் இல்லை. சட்ட உதவி மையத்தில் பாராலீகல் பணியாளராகப் பல ஆண்டு இருந்துவிட்டு இப்போது வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

இன்றிரவே, தூங்குவதற்கு முன், உன் தோழி தன் மாணவர் மின்னஞ்சலிலிருந்து மூன்று வரி அனுப்பட்டும். நான் மேல்முறையீடு செய்கிறேன். கடிதத்தை இன்றுதான் பார்த்தேன், காரணம் இது, அதனால் கெடுவை நீட்டித் தர வேண்டுகிறேன். முடிவுக்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள். இவ்வளவு போதும். அழகாக எழுத வேண்டாம். நேரம் பதிவாக வேண்டும், அதுதான் முக்கியம். நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். வெள்ளிக்கிழமைதான் கெடு என்றே வேலை செய்யுங்கள்.

காரணம் கேட்பது உரிமை, தயவு இல்லை. நம் அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு நிர்வாக நீதியைப் பற்றியது. சட்டப்படியான, நியாயமான, நடைமுறை ஒழுங்கான நிர்வாகச் செயல் எல்லோருக்கும் உரியது, உரிமை பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் காரணம் பெறும் உரிமையும் உண்டு என்கிறது. அதைச் செயலுக்குக் கொண்டுவந்தது 2000ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம். நாங்கள் 'பஜா' என்போம். அரசுப் பல்கலைக்கழகம் பொது அதிகாரத்தைக் கையாளும் அமைப்பு, ஆகவே இப்படிப்பட்ட முடிவும் அதற்குள் வரும். முடிவை அறிந்த 90 நாளுக்குள் காரணம் கேட்க வேண்டும். கேட்டபின் கொடுக்க அவர்களுக்கும் 90 நாள் உண்டு. கொடுக்காமலே விட்டால், தக்க காரணமின்றி எடுத்த முடிவு என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளத் தொடங்கும், அதை மறுத்து நிறுவ வேண்டியது அவர்கள் பாடு.

90 நாளை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக் கெடுவுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். சரியான கேள்வி. காரணம் வரட்டும் என்று காத்திராமல் மேல்முறையீட்டை அனுப்புங்கள். காரணம் கேட்ட கடிதம் பின்னால் உதவும். நீதிமன்றம் போக வேண்டிய நிலை வந்தால் முதலில் "உள்வழிகளை எல்லாம் முடித்தாயா?" என்றுதான் கேட்பார்கள். உள் மேல்முறையீட்டை விட்டுவிட்டு நேரே நீதிமன்றம் போவதைப் பஜா பெரும்பாலும் அனுமதிக்காது. உள்வழி முடிந்தபின் நியாயமற்ற தாமதமில்லாமல், எப்படியும் 180 நாளுக்குள், மறுஆய்வு கேட்க வேண்டும்.

அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு தனி மனிதரைப் பாதிக்கும் முடிவுக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்கிறது. என்ன செய்யப் போகிறோம் என்ற முன்னறிவிப்பு, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பு, முடிவைத் தெளிவாகச் சொல்வது, மேல்முறையீட்டுக்கு வழி உண்டென்று சொல்வது, காரணம் கேட்கலாம் என்று சொல்வது. ஐந்து வரிக் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு இந்த ஐந்தையும் தேடு. நீ எழுதியதைப் பார்த்தால் கடைசியானது அதில் இல்லை. டி.பி. மறுப்பு வந்தபோது, அதாவது தேர்வுக்கு முன்பே, அவளுக்கு முறையிட வழி சொன்னார்களா என்றும் பார். பல மாணவர்கள் அங்கேதான் தவறவிடுகிறார்கள். விலக்கல் கடிதத்தோடு சண்டை போடுவார்கள், அதற்கு அடிப்படையான முடிவு அக்டோபரிலேயே எடுக்கப்பட்டிருக்கும்.

விடுதியைப் பூட்டியதற்குச் சான்று என்ன இருக்கிறது? உரிமையாளர் அனுப்பிய குறுஞ்செய்தி, டாக்ஸிக் கட்டணத்துக்கு அத்தை அனுப்பிய பணம், எதுவானாலும் எடுத்து வையுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் அத்தை பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் பிரமாணப் பத்திரம் கொடுக்கட்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இவள் என் வீட்டில் இருந்தாள் என்று இரண்டு வரி. முத்திரை வைத்துத் தருவார்கள், காசு கிடையாது. போலீஸ் நிலையம் என்றதும் பயப்படுவார்கள், நீ சொல்லிப் புரியவை.

பக்கத்தில் உட்காருவது பற்றி நாளை எழுதுகிறேன், கண் எரிகிறது.

குளிர்காலம் (புதன், காலை 6.15)

எனக்குப் போன ஆண்டு இதே கதை. மேல்முறையீடு எழுதினேன், "பரிசீலிக்கப்பட்டது, ஏற்கப்படவில்லை" என்று ஒரு வரி வந்தது. சட்டமெல்லாம் சட்டை போட்டவர்களுக்குத்தான். உன் தோழியை வேறு கல்லூரிக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல். கசப்பில் சொல்லவில்லை, கொஞ்சம் கசப்பில்தான் சொல்கிறேன்.

சிவப்பு மை (புதன், காலை 7.50)

நான் மேசைக்கு மறுபக்கத்து ஆள். வேறொரு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறேன், ஆறு ஜனவரிகள் மேல்முறையீட்டுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதானால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒரு விண்ணப்பத்துக்கு எங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். கட்டுக் கட்டாக வரும். அதில் பாதிக்கு மேல் ஒரே கடிதம்: "நான் ஏழைக் குடும்பம், இன்னொரு வாய்ப்புத் தாருங்கள், இனி உழைப்பேன், கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்." எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து நான் எதைத் தீர்மானிப்பது? ஒருமுறை மூன்று வேறு மாணவர்களிடமிருந்து எழுத்துப் பிழைவரை ஒரே மாதிரியான கடிதம் வந்தது. வாயிலுக்கு வெளியே ஒரு நகலகத்தில் விற்கிறார்களாம். அந்த மூவரில் ஒருவருக்காவது உண்மையான வழக்கு இருந்திருக்கும், கடிதத்துக்குள் அது தெரியவில்லை.

குழு தேடுவது இவ்வளவே. என்ன நடந்தது, எந்தத் தேதியில், அது மதிப்பெண்ணை எப்படிப் பாதித்தது, அந்தத் தடை இப்போது நீங்கிவிட்டதா. கடைசிக் கேள்விக்குத்தான் யாரும் பதில் எழுதுவதில்லை. "பிப்ரவரியிலிருந்து எங்கே தங்குவாள், எந்தெந்தப் பாடம் எடுப்பாள்" என்று ஒரு பத்தி இருந்தால், அதைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

எல்லா விலக்கலும் அநியாயம் என்று பேசுவதை நான் ஏற்கவில்லை. முடிக்க வாய்ப்பில்லாத படிப்பில் நான்கு ஆண்டு கிடந்து கடனை மட்டும் சேர்த்துக்கொண்டு போன பிள்ளைகளை அறிவேன். அவர்களை முதலாண்டிலேயே உட்கார வைத்துப் பேசாதது எங்கள் குற்றம். ஆனால் இன்னும் ஒரு வாய்ப்பு, இன்னும் ஒரு வாய்ப்பு என்று நீட்டியதும் கருணை இல்லை.

உன் தோழியின் கதை அப்படிப்பட்டது இல்லை என்று தோன்றுகிறது. அதனால் ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று ஆய்வக நாள்களில் அவள் உண்மையில் வரவே இல்லையா, தாமதமாக வந்தாளா? தாமதமாக வந்தவர்களை உள்ளே விட்டு, வருகைப் பதிவில் மட்டும் கோடு போடும் உதவியாளர்கள் உண்டு. மூன்று நாளுக்கும் ஆய்வக அறிக்கை கொடுத்தாளா என்று கேள்.

படகுத்துறை (புதன், காலை 11.05)

மகளே, எனக்கு வயது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. ஒரு விரலால் தட்டுகிறேன், பொறுத்துக்கொள்.

ஊர்வலம் வேண்டாம் என்று நீ எழுதிய விதம் எனக்கு உறுத்தியது. 1959இல் ஒரு சட்டம் கொண்டுவந்து இனத்துக்கொரு கல்லூரி என்று பிரித்தார்கள். இந்திய வம்சாவளியினரான நமக்கு 1961இல் கிடைத்தது டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவு, கடற்படை விட்டுப்போன கட்டடங்கள். படகில் ஏறிப் படிக்கப் போனோம். நிர்வாகம் வகுத்த விதியில் மாணவர் மன்றம் அமைக்க அன்று மாணவர்கள் மறுத்தார்கள். பொம்மை மன்றம் இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல் என்பது அன்றைய வாதம். 1969இல் டர்ஃப்லூப் வளாகத்தில் ஸ்டீவ் பைக்கோவைத் தலைவராகக் கொண்டு சாசோ என்ற கறுப்பின மாணவர் அமைப்பு எழுந்தபோது அதில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் என்ற பெயர்களை உன் பாடப்புத்தகம் சொல்கிறதா தெரியவில்லை. 1974 செப்டம்பர் 25 அன்று டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் மொசாம்பிக் விடுதலை இயக்கத்துக்கு ஆதரவாகக் கூட்டம் கூடியதற்குப் பின் வழக்கு, ஒன்பது பேர், 1976 டிசம்பரில் தண்டனை, ராபன் தீவுச் சிறை.

இதெல்லாம் பழங்கதை என்றால் 2015ஐப் பார். ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தை 10.5 விழுக்காடு ஏற்றப் போவதாகச் சொன்னார்கள். அக்டோபர் நடுவில் பிள்ளைகள் வாயிலில் உட்கார்ந்தார்கள். அக்டோபர் 23 அன்று அடுத்த ஆண்டுக்குக் கட்டண உயர்வே இல்லை என்று அன்றைய குடியரசுத் தலைவர் ஜூமா அறிவித்தார். மேல்முறையீட்டுக் கடிதம் எழுதியா அது கிடைத்தது?

அதே ஊர்வலம் உன் தோழியின் வருகைப் பதிவேட்டைத் திருத்தாது என்பதும் உண்மைதான். அந்த எஸ்.ஆர்.சி. பையனிடம் கோபப்படாதே. அவனுக்கு ஊர்வலம் மட்டும்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் மை படிந்த விரலோடு இரவெல்லாம் துண்டறிக்கை அடித்தோம். அவற்றில் ஒன்றில்கூட "இந்தக் கடிதம் வந்தால் இப்படிப் பதில் எழுது" என்று நாங்கள் அச்சிட்டதில்லை. நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

மண்பானைக்கு டோங்காட் பக்கம் விசாரிக்கச் சொல். எங்கள் வீட்டில் பித்தளைதான்.

மூன்றாம் வரிசை (புதன், மாலை 5.30)

தாத்தா, மன்னியுங்கள். நான் எழுதியதை மறுபடி படித்தேன், கொஞ்சம் திமிராகத்தான் இருக்கிறது.

சிவப்பு மை ஐயா, நீங்கள் கேட்ட கேள்வியை அவளிடம் கேட்டேன். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாவது நாள் இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். எனக்கே ஞாபகம் இருக்கிறது! மழை, நனைந்துபோய் வந்து நின்றாள், என் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் படிகமாக்கல் சோதனையைச் செய்தாள். பதிவுத்தாள் அதற்கு முன்பே சுற்றி முடிந்திருந்தது. அறிக்கை கொடுத்தாள். இணையதளத்தில் போய்ப் பார்த்தோம், அந்த நாள் அறிக்கைக்கு 62 மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். வராத ஆளுக்கு 62!

ஆக, வந்தது 8 நாள். இதை அவள் அக்டோபரில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் கத்தியே கேட்டேன். "தாமதமாக வந்தது என் தப்புதானே" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

அத்தை போலீஸ் நிலையம் போகிறாராம். முதலில் மாட்டேன் என்றாராம், ஆகாத குடும்பம்தான் போலீஸ் வாசலை மிதிக்கும் என்று. எங்கள் அம்மாவும் இதையேதான் சொல்வார்.

பீனிக்ஸ் அக்கா, பக்கத்தில் உட்காருவது பற்றிச் சொல்கிறேன் என்றீர்கள்.

பீனிக்ஸ் அக்கா (புதன், இரவு 8.10)

62 மதிப்பெண்! அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து இணைத்துவிடு. நாளை அந்த இணையதளத்தை மூடிவிட்டால் தேடி அலைய வேண்டியிருக்கும். நீயும் ஒரு பிரமாணப் பத்திரம் கொடு. அன்று உன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. மழை, மேல்சட்டை எல்லாம் வரட்டும், அழுகை வேண்டாம். கடிதத்தின் முதல் பத்தியிலேயே "பதிவில் ஒரு பிழை இருக்கிறது" என்று எழுதுங்கள். விடுதிக் கதை இரண்டாவதாக வரட்டும். இரக்கத்தைக் கேட்டால் குழு தரலாம், மறுக்கவும் செய்யலாம். பிழையைச் சுட்டிக்காட்டினால் அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

வருகைப் பதிவுத்தாளின் நகலை ஆய்வகப் பொறுப்பாளரிடம் நல்ல முறையில் கேட்டுப் பார். தர மாட்டேன் என்றால் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது, 2000ஆம் ஆண்டின் 2ஆம் எண். நாங்கள் 'பயா' என்போம்.  பதில் சொல்ல 30 நாள் உண்டு, ஆகவே வெள்ளிக்கிழமைக்கு அது உதவாது. கேட்டுவைத்தது மட்டும் வீணாகாது.

இனி பக்கத்தில் உட்காரும் விஷயம். பெரும்பாலான மேல்முறையீடுகள் தாளிலேயே முடிந்துவிடும், யாரையும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் யாரை அழைத்துவரலாம் என்பதை உங்கள் விதிக் கையேடு சொல்லும். பல இடங்களில் சக மாணவரோ ஊழியரோ வரலாம், வெளி வழக்கறிஞர் வர முடியாது என்றிருக்கும். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு, ஹமாட்டா வழக்கு. பெனின்சுலா டெக்னிகான் மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுத்து வெளியேற்றினார்கள். மாணவரோ ஊழியரோதான் துணை வரலாம் என்பது அங்கிருந்த விதி, வழக்கறிஞர் வேண்டும் என்று அவர் கேட்டதைக் குழு ஏற்கவில்லை. 2002இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: வழக்கறிஞர் எல்லோருக்கும் தானாகக் கிடைக்கும் உரிமை இல்லை. ஆனால் விதி இப்படி இருக்கிறது என்று கைவிரிக்காமல், சிக்கலான விஷயத்தில் அனுமதிக்கலாமா என்று குழு யோசித்தாக வேண்டும். ஆகவே கேட்கலாம். கேட்டதற்கு அவர்கள் யோசித்துப் பதில் தர வேண்டும். அது ஒழுங்கு நடவடிக்கை, உங்களுடையது கல்வி விலக்கல், இரண்டும் ஒன்றல்ல. உன் தோழிக்கு வழக்கறிஞர் தேவையில்லை, அன்று ஆய்வகத்தில் இருந்த நீ போதும்.

ஏற்காவிட்டால் பல்கலைக்கழகங்களில் இயங்கும் சட்ட உதவி மையம் ஒன்றுக்குப் போங்கள். தான் இயங்கும் பல்கலைக்கழகத்துக்கு எதிரான வழக்கைச் சில மையங்கள் எடுக்கத் தயங்கும், அப்போது அடுத்த பல்கலைக்கழகத்தின் மையத்தைக் கேளுங்கள். அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டின் இலவச எண் 0800 110 110. அரசு அமைப்புகள் மீதான புகாரை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்திலும் கட்டணமில்லாமல் முறையிடலாம், ஆனால் அங்கே அவசரம் என்ற சொல்லுக்குப் பொருள் வேறு.

குளிர்காலம், தம்பி, உனக்கு வந்த அந்த ஒரு வரியைக் காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உன் கடிதத்தின் தேதி என்ன? 90 நாள் கடந்திருந்தாலும் எழுது, பார்ப்போம்.

குளிர்காலம் (புதன், இரவு 11.30)

போன பிப்ரவரி 11. கடந்துவிட்டது. யாரும் கேட்டதில்லை, அதனால் சொன்னேன்.

படகுத்துறை (வியாழன், காலை 5.40)

தம்பி, நீ போன ஆண்டு இதை எங்கே கேட்டிருப்பாய்? உன் வளாகத்தில் கேட்க ஒரு மேசை இருந்ததா? இந்தப் பெண்ணின் மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

பீனிக்ஸ் அக்கா (வியாழன், காலை 9.00)

சொல்கிறேன். நேற்று நெருப்பு அணைக்கும் வேலை இருந்தது.

1997ஆம் ஆண்டின் 101ஆம் எண் உயர்கல்விச் சட்டத்தை ஒருமுறை படி. நீளம்தான், உனக்கு வேண்டியது சில பிரிவுகள். எஸ்.ஆர்.சி. என்பது நிர்வாகம் தயவாகக் கொடுத்த கழகம் இல்லை, 35ஆம் பிரிவில் இருக்கும் சட்ட அமைப்பு. பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றத்திலும் (கவுன்சில்) பேரவையிலும் (செனட்) மாணவருக்கு இருக்கை உண்டு. நிறுவன மன்றம் என்று இன்னொன்று உண்டு, 31ஆம் பிரிவு. நடத்தை விதி, பிணக்குத் தீர்க்கும் முறை இவற்றில் ஆலோசனை சொல்லும் இடம் அது, மாணவரும் அதில் உட்காருவார்கள். பலருக்கு 27ஆம் பிரிவில் ஒரு துணைப்பிரிவு இருப்பதே தெரியாது. மாணவர் ஆதரவுச் சேவைகளின் கொள்கை பற்றி ஆலோசனை சொல்ல ஓர் அமைப்பை, எஸ்.ஆர்.சி.யைக் கலந்துகொண்டு, ஆட்சிமன்றம் ஏற்படுத்தியே ஆக வேண்டும். "செய்யலாம்" என்று இல்லை, "வேண்டும்" என்று இருக்கிறது. உங்கள் வளாகத்தில் அது யார், கடைசியாக எப்போது கூடியது என்று அந்த மரியாதையான அண்ணனிடம் கேள். அவருக்கும் தெரியாது என்பது என் ஊகம். தெரிந்துகொள்ளட்டும்.

அதற்கெல்லாம் முன்பு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. உன்னிடம் யார் வந்தாலும் பெயர் எழுதாமல் தேதி, எந்தத் துறை, எந்த விதி, கெடு எத்தனை நாள், முடிவு என்ன என்று ஒரு வரி எழுது. ஒரு பருவம் முடிந்ததும் அதே ஆய்வகம், அதே சுற்றிவரும் பதிவுத்தாள் எத்தனை முறை வந்திருக்கிறது என்று பார். துறைக் கூட்டத்தில் "மாணவர்கள் துன்பப்படுகிறார்கள்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போவார்கள். "தாமதமாக வந்து சோதனை செய்தவருக்கு வராதவர் என்று பதிவு, அவர்களுடைய மதிப்பெண் பக்கங்கள் இதோ" என்று வைத்தால் அந்தப் பதிவுத்தாளைப் பற்றி யாராவது பேசியாக வேண்டும். மருத்துவமனைச் செவிலியர் நோயாளிப் பட்டியலை வைத்திருப்பது போல வைத்துக்கொள். உன் தோழியின் கதை பரவிவிடக் கூடாது, அவள் சம்மதமில்லாமல் ஒரு வரியும் வெளியே போகக் கூடாது.

கையேடு உங்களுக்கு ஆங்கிலத்தில் மட்டுமா வருகிறது? அந்த 47ஆம் பக்கத்தை ஜூலுவில் ஒரு பக்கமாக யாரையாவது எழுதவை.

சிவப்பு மை (வியாழன், மதியம் 1.15)

அக்கா சொன்னதோடு ஒன்று. இதைப் பிப்ரவரியில் செய்யுங்கள். புது மாணவர் வரவேற்பு வாரத்தில் கையேட்டைக் கொடுக்கிறோம், அதை வைத்து வெயிலுக்கு விசிறிக்கொள்கிறார்கள். மார்ச்சில் முதல் சோதனைத் தேர்வு முடிந்ததும் பேசினால் காது திறந்திருக்கும். எங்களில் சிலரைக் கூப்பிட்டால் வருவோம். நான் குழுவில் இருப்பவன் என்பதால் என்னை எதிரி என்று நினைக்க வேண்டாம், தெளிவாக எழுதிய கடிதம் வந்தால் எனக்குத்தான் வேலை மிச்சம்.

மூன்றாம் வரிசை (தைப்பூசம் முடிந்த செவ்வாய், இரவு 8.50)

முதலில் முடிவு. வெள்ளிக்கிழமை மதியம் 2.10க்கு மேல்முறையீடு போய்ச் சேர்ந்தது. இரண்டரைப் பக்கம், ஏழு இணைப்புகள். கெடு நீட்டிப்புக்கு இதுவரை பதில் வரவில்லை, இனி வரவும் வேண்டாம். குழு அவளைக் கூப்பிடவில்லை. நான் சட்டையெல்லாம் தேய்த்து வைத்திருந்தேன். போன வியாழன் மின்னஞ்சல் வந்தது: வருகை 8 என்று திருத்தப்பட்டது, பதிவுக்கு அனுமதி, பாடச்சுமை குறைப்பு என்ற நிபந்தனையோடு. தேர்வு எழுத விடாததற்கு ஒரு வருத்தச் சொல்கூட இல்லை. அந்தப் பாடத்தை அவள் இந்த ஆண்டு மறுபடி எடுக்க வேண்டும். ஓராண்டு கூடுதலாகப் படிக்கப் போகிறாள். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளோ சிரிக்கிறாள், அத்தை வீட்டில் கோழி அடித்தார்களாம்.

விடுதி இடம் போய்விட்டது. இப்போதைக்கு என் அறையில் மெத்தை போட்டுப் படுக்கிறாள், வார்டனிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஊர்வலத்துக்கும் போனேன், தாத்தா. எஸ்.ஆர்.சி. அண்ணன் ஒலிபெருக்கியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் 27ஆம் பிரிவைப் பற்றிக் கேட்டேன். அக்காவின் ஊகம் சரி. ஆனால் அவர் தொலைபேசியில் உடனே குறித்துக்கொண்டார், மறுநாள் அவரே கூப்பிட்டார். கீழ்த்தளத்தில் பழைய நாற்காலிகள் அடைத்த ஒரு அறை இருக்கிறது, வியாழக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் தருகிறாராம், நாற்காலிகளை நாங்களே எடுத்துப் போட வேண்டுமாம். தோழி 47ஆம் பக்கத்தை ஜூலுவில் எழுதிவிட்டாள். "மேல்முறையீடு" என்பதற்கு அவள் போட்ட சொல்லைப் பார்த்து அத்தை, "இது கெஞ்சுவது போல இருக்கிறது, மாற்று" என்றாராம். மாற்றினாள்.

நோட்டுப் புத்தகம் வாங்கினேன், 96 பக்கம். முதல் வரி அவளுடையது, அவளே எழுதினாள். செய்தி எப்படியோ பரவி, இன்று என் அறை வாசலில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவருக்கு டி.பி., ஒருவருக்குக் கட்டண பாக்கிக்காக மதிப்பெண்ணை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மூன்றாமவர் என்னவென்று சொல்லாமல் அழுதுவிட்டுப் போனார், நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார். மதிப்பெண் நிறுத்தியவர் விஷயத்தில் எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா, இருக்கிறீர்களா?

பீனிக்ஸ் அக்கா (செவ்வாய், இரவு 9.05)

இருக்கிறேன். மூன்று பேருக்கும் வந்த கடிதங்களின் தேதியை முதலில் எழுது.